எந்தச் சீமையில் சௌக்கியம்?

ஐயப்பன்தாங்கலில் பூகோள சாஸ்திரம் இந்நாட்களில் வெகுவாக விருத்தியடைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு இது சந்தோஷம் தரவேண்டிய விஷயந்தான். "ஸ்டாக்ஹோம் எங்கே இருக்கிறது?" என்று பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டால் அவன் கூரையைப் பார்க்கிறான். அதே கேள்வியை, மாலை வேளையில் அடுக்கு வீடுகளின் வாசலில் சிமெண்டுப் பெஞ்சியில் உட்கார்ந்து காற்று வாங்கும் எழுபது வயது அம்மாளிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டாக்ஹோம் இருக்கும் இடத்தை மட்டுமா சொல்லுவார்? அங்கே இப்பொழுது மணி என்ன, மார்கழி மாதத்தில் சூரியன் எத்தனை நாழிகை முகம் காட்டுகிறான், ஒரு கொத்துக் கறிவேப்பிலை என்ன விலை விற்கிறது என்பது வரையில் ஒப்பித்துவிடுவார். மூத்த பிள்ளை டல்லாஸ் நகரத்தில், இளையவன் மூனிக்கில், பெண் டொராண்டோவில், மருமகனுடைய தம்பி மெல்போர்னில் என்று குடும்பமே ஒரு தேசப்படமாக விரிந்து கிடக்கும்போது பூகோளம் வராமல் என்ன செய்யும்?

காரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில், போரூரைத் தாண்டினதும் நம் ஊர். ராமாபுரத்திலும் மணப்பாக்கத்திலும் கண்ணாடி மாளிகைகளாக எழும்பியிருக்கும் கம்ப்யூட்டர் காரியாலயங்கள் இங்கிருந்து கால்மணிப் பிரயாணம். (இரவு இரண்டு மணிக்குப் போனால் கால்மணி, காலை ஒன்பது மணிக்குப் போனால் நேயர்கள் கையில் ஒரு நாவலும் எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.) அங்கே உத்தியோகத்தில் அமரும் பிள்ளைகளிலும் பெண்களிலும் ஒரு பகுதியார் சில வருஷங்களுக்குள் ஆகாய விமானம் ஏறிவிடுகிறார்கள். 'தாங்கல்' என்றால் மழை நீரைத் தாங்கி நிறுத்தி வைக்கும் சிறு ஏரி. ஊரின் பெயரில் நீர் நிற்கிறது. ஊரில் பிள்ளைகள்தாம் நிற்பதில்லை.

இவ்வாறு போனவர்களின் பெற்றோர் கூடுமிடத்தில் ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு. எந்தச் சீமை உசத்தி? அமெரிக்காவா, ஜெர்மனியா, கனடாவா, இங்கிலாந்தா? விவாதத்தின் நடுவர் பதவியைப் பெரும்பாலும் பெருக்கல் வாய்பாடு வகிக்கிறது. "பையனுக்கு அங்கே என்ன தருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் டாலரிலோ யூரோவிலோ ஒரு தொகை சொல்லுவார். கேட்டவர் மனத்திற்குள் அன்றைய ரூபாய் விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்பாடா!" என்று மூச்சு விடுவார். எந்த தேசத்தில் பெருக்குத்தொகை பெரிதோ அந்த தேசத்திற்கு ஜயம்.

கணக்குப் பாடத்தில் இதற்கு முழு மார்க்குக் கொடுக்க நம்மால் முடியாது. வரவைப் பெருக்குகிறவர்கள் செலவைப் பெருக்குவதில்லை என்பது முதல் குறை. முடி வெட்டிக் கொள்வதற்கும், குழந்தையைப் பகல் நேரத்தில் பார்த்துக் கொள்ளும் விடுதிக்கும், பல் பிடுங்குவதற்கும் அங்கே கொடுக்கும் தொகையை அதே ரூபாய் விலையால் பெருக்கிப் பார்த்தால், பல்லைப் பிடுங்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இதைவிடப் பெரிய குறை வேறொன்று இருக்கிறது. சம்பளத்தால் வாங்கவேண்டிய பொருள் எது, சம்பளம் இல்லாமலே சமூகம் கொடுக்கும் பொருள் எது என்பது ஒவ்வொரு தேசத்திலும் வேறு வேறாக இருக்கிறது. அதைப் பாராமல் இரண்டு சம்பளங்களை ஒப்பிடுவது, சாப்பாட்டுடன் சேர்ந்த வாடகையையும் வெறும் அறைக்கான வாடகையையும் ஒப்பிடுவது போலாகும்.

அமெரிக்காவையும் ஜெர்மனியையும் எடுத்துக் கொள்வோம். சராசரி ஊதியம் பெறும் தனி மனிதரிடமிருந்து வரியாகவும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவாகவும் அமெரிக்காவில் 100க்குச் சுமார் 24ம், ஜெர்மனியில் சுமார் 37ம் பிடித்துக் கொள்கிறார்கள் என்பது 2023ஆம் ஆண்டுக் கணக்கு. பிடித்தம் குறைவு, சம்பளமும் அதிகம். எனவே அமெரிக்காவே சிறந்தது என்று பெஞ்சியில் தீர்ப்பாகிவிடும். ஆனால் அந்தப் பதின்மூன்று பங்குக்கு ஜெர்மானியர் என்ன வாங்குகிறார் என்று கேட்க வேண்டாமா? நோய்க்கான பொது இன்ஷியூரன்ஸ் அந்நாட்டில் 1883ஆம் ஆண்டிலிருந்து சட்டமாக இருக்கிறது. வேலை போனாலும் வைத்தியம் போகாது. வாரத்தில் ஐந்து நாள் உழைப்பவருக்கு வருஷத்தில் 20 நாள் சம்பளத்துடன் விடுமுறை என்பது சட்டம் விதித்த குறைந்த அளவு. நடைமுறையில் பலருக்கு 25 முதல் 30 நாள் வரை கிடைக்கிறது. சர்க்கார் சர்வகலாசாலைகள் மிகப் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் என்பதே கிடையாது.

அமெரிக்காவிலோ, சம்பளத்துடன் விடுமுறை கொடுத்தே தீரவேண்டும் என்று தேசம் முழுவதற்குமான சட்டம் ஒன்று இன்று வரையில் இல்லை. பிரசவத்திற்கும் குடும்பத்தார் நோய்க்கும் 12 வாரம் விடுப்பு அளிக்கும் சட்டம் 1993ல் வந்தது. அதுவும் சம்பளமில்லாத விடுப்பு. எல்லாத் தொழிலாளருக்கும் உரியதும் அன்று. வைத்திய இன்ஷியூரன்ஸ் பெரும்பாலோருக்கு முதலாளியின் மூலமாக வருகிறது. ஆகவே வேலையும் ஆரோக்கியமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. தேசத்தின் மொத்த உற்பத்தியில் 100க்கு 17 பங்குக்கு மேல் வைத்தியத்திற்காகச் செலவழித்தும் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 2023ல் சுமார் 78 வயது. அதைவிட மிகக் குறைந்த பங்கைச் செலவழிக்கும் ஸ்வீடன் தேசத்தில் 83.

இதைக் கொண்டு அமெரிக்காவை ஆகாத தேசம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒருவனுடைய தகப்பனார் யார், எந்த ஊர் என்று கேளாமல், "உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று மட்டும் கேட்கும் வழக்கம் அங்கே இருப்பதுபோல் வேறெங்கும் இல்லை என்று அங்கு வாழும் நம்மவர் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். விசாலமான வீடு, பெரிய பல்கலைக் கழகங்கள், தோற்றாலும் மறுபடி தொடங்குவதற்கு இடம் எல்லாம் வாஸ்தவந்தான். ஆனால் நம் பிள்ளைகள் அங்கே போய் நிற்பது அந்த தேசத்தின் வாசற்படியில், கூடத்தில் அல்ல. எச்-1பி என்ற விஸாவில் போகிறவருக்கு வேலை போனால், வேறு வேலை தேடிக் கொள்ள அதிகமாகப் போனால் 60 நாள் அவகாசம். நிரந்தர வாச உரிமையாகிய 'பச்சை அட்டை'யில், எந்த ஒரு தேசத்தில் பிறந்தவருக்கும் 100க்கு 7க்கு மேல் இல்லை என்று ஒரு வரம்பு. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7! இதன் பலனாக, மேற்படிப்புப் படித்த இந்தியர்களுக்கான வரிசையில் 2025ஆம் ஆண்டில் 2013ஆம் ஆண்டு விண்ணப்பித்தவர்களின் முறைதான் வந்துகொண்டிருந்தது. பெற்றோரின் விஸாவை ஒட்டி அங்கே வளரும் குழந்தை, வரிசை நகர்வதற்குள் 21 வயதை எட்டிவிட்டால், வளர்ந்த ஊரிலேயே அந்நியனாகி விடுகிறது. ஜெர்மனியில் நீலஅட்டை பெற்று உழைக்கும் நிபுணருக்கு 27 மாதங்களிலும், பாஷையை ஓரளவு நன்றாகக் கற்றுக்கொண்டால் 21 மாதங்களிலும் நிரந்தர வாசம் கிடைக்கக்கூடும்.

பாஷை! அங்கேதான் நம்மவர் பின்வாங்குகிறார்கள். ஐந்து வயதிலிருந்து இங்கிலீஷ் மூலமாகவே படித்த பிள்ளைக்கு, இருபத்தெட்டு வயதில் ஒரு மேஜை ஆணா பெண்ணா என்று மனப்பாடம் செய்யவேண்டி வருவது கசப்பாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைபட்டுக் கிடக்கும். மாடி வீட்டுக்காரர் மிக்ஸியில் சட்னி அரைப்பதற்கும் வேளை பார்க்க வேண்டும். அடுத்த வீட்டார் மரியாதையாக வணக்கம் சொல்லுவார். பத்து வருஷம் ஆனாலும் வணக்கத்திற்கு மேல் சம்பாஷணை நகராமலும் இருக்கலாம். அமெரிக்காவில் முதல் நாளே கையைப் பிடித்துக் குலுக்கிப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அது எவ்வளவு ஆழம் என்று அளந்து பார்க்க வேறு சமயம் வரவேண்டும். எது சௌக்கியம்? சுபாவத்தைப் பொறுத்தது.

ஸ்வீடன் தேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1974ஆம் ஆண்டிலேயே அவர்கள் தாய்க்கு மட்டும் இருந்த பிரசவ விடுப்பை மாற்றி, தாயும் தகப்பனும் பங்கிட்டுக் கொள்ளும்படி செய்துவிட்டார்கள். இப்பொழுது ஒரு குழந்தைக்கு 480 நாள். அவற்றில் 390 நாளுக்குச் சம்பளத்தை ஒட்டிய தொகை வருகிறது. அங்கே வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளை, பட்டப் பகலில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவில் உலாத்துவதைப் படத்தில் பார்த்த அவருடைய தாயார், "வேலை போய்விட்டதோ?" என்று பதறிப்போனாராம். இம்மாதிரி வேலை போவதாயிருந்தால் எல்லோருக்கும் போகலாம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அதைப் பற்றி நம்மவர் இருநூறு வருஷமாகப் பாடம் படித்தாயிற்று. 1948 ஜூலை 5ந்தேதி தொடங்கிய அவர்களுடைய இலவச வைத்திய ஏற்பாடு உலகத்திற்கே ஒரு வழிகாட்டி. புதிதாகக் குடியேறுகிறவருக்கு அது முற்றும் இலவசமும் அல்ல. 2024 பிப்ரவரி முதல் பெரும்பாலோர் ஆளுக்கு வருஷத்திற்கு 1,035 பவுன் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டினபின் வரிசையில் நிற்க வேண்டும். சிகிச்சை 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று அவர்களே வைத்துக் கொண்ட இலக்கை 2016க்குப் பிறகு எட்ட முடியவில்லை.

ஆனால் இங்கிலாந்து என்றதும் நமக்கு இரண்டு தமிழர்களின் ஞாபகம் வருகிறது. 1914 மார்ச்சு மாதத்தில் கப்பலேறிய கணித மேதை ராமானுஜன் ஒருவர். கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த உபகாரச் சம்பளத்தை, சென்னைத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக வாங்கின சம்பளத்தோடு ஒப்பிட்டால் பெருக்கல் வாய்பாடு துள்ளிக் குதிக்கும். ஆனால் யுத்த காலத்தில் சைவ உணவுக்குத் திண்டாடி, தாமே சமைத்து, குளிரில் நடுங்கிக் கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் அறைக்குச் சென்ற மஹலானோபிஸ், ராமானுஜன் படுக்கையின் கம்பளிகளுக்கு உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்று தெரியாமல், அவற்றின் மேலேயே மேல்கோட்டுடன் படுத்து வந்ததைக் கண்டுபிடித்தார். கம்பளி இருந்தது, அதைப் பிரித்துக் காட்ட ஒரு மனிதர் இல்லை. 1919ல் நோயுடன் திரும்பி, 1920 ஏப்ரல் 26ந்தேதி சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32.

மற்றவர் சிதம்பரத்தில் 1952ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1971ல் அமெரிக்கா சென்று அங்கே பேராசிரியராகவும் உயர்ந்த அவர், 1999ல் சம்பளம் குறைவதைப் பொருட்படுத்தாமல் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தார். பலன் எப்போது வருமோ என்று தெரியாத ஆராய்ச்சியை அவசரமில்லாமல் நடத்த அந்த ஆராய்ச்சிசாலை இடம் கொடுத்தது. 2009ல் நோபல் பரிசு வந்தது. ஒரே ஊர். முன்னவருக்கு அங்கே ஒரு வாய்ச் சோறு அகப்படவில்லை. பின்னவர் பணத்தைக் குறைத்துக் கொண்டு தேடிப் போனார். சௌக்கியம் என்பது சீமையில் மட்டும் இல்லை, எந்தக் காலத்தில், எதற்காகப் போகிறோம் என்பதிலும் இருக்கிறது.

எதற்காக என்றால், நம் ஊர்ப் பிள்ளைகளைப்போல் தேர்ந்தெடுத்துப் போகும் பாக்கியமே இல்லாமல் போனவர்களும் தமிழர்களே. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து சிதறியவர்களிடம், "எந்த தேசத்தில் விடுமுறை அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள்! 1986 ஆகஸ்டு மாதத்தில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் நடுக்கடலில் விடப்பட்டு, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் மீன்பிடிப்பவர்களால் மீட்கப்பட்டார்கள். வேறு சிலர் சூரியன் மாதக் கணக்கில் உதிக்காத வட நார்வேயில், மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். பாரிஸ் நகரத்துச் சமையற்கூடங்களிலும் சுவிட்ஜர்லாந்தின் ஹோட்டல்களிலும் பாத்திரம் கழுவினார்கள். அவர்களுக்கு வாழ்க்கைத் தரம் என்பதன் முதல் அர்த்தம், இரவில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு பதறாமல் இருப்பது. அந்த அளவுகோலால் அளந்தால் எல்லாச் சீமையும் நல்ல சீமைதான்.

அதன்மேல் அவர்கள் கட்டியிருப்பதைப் பாருங்கள். ஜெர்மனியில் ஹாம் நகரத்தருகே 2002ல் காமாட்சியம்மனுக்குக் கோபுரத்துடன் கோயில் எழுப்பினார்கள். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வேக்குப் போன கம்சாயினி குணரத்தினம் 2015ல் ஆஸ்லோ நகரத்தின் துணை மேயரானார். 2021ல் அந்நாட்டுப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹரி ஆனந்தசங்கரி 2025 மே மாதத்தில் கனடாவின் பொதுப் பாதுகாப்பு மந்திரியாக நியமிக்கப்பட்டார். அவர்கள் சேர்ந்து வாழும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பாட்டியம்மாள் காலை முதல் இரவு வரை தமிழைத் தவிர வேறு பாஷை பேசாமலே கடைக்கும் கோயிலுக்கும் வைத்தியரிடத்துக்கும் போய்வரலாம்.

பாட்டியம்மாள் என்று எழுதினோமே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் வீடுகளில் 'குடும்பம்' என்று சொல்லும்போது அதில் யார் யார் அடக்கம் என்று யாரும் கேட்பதில்லை. மேனாட்டுச் சட்டங்களில் அந்த வார்த்தைக்கு வரையறை இருக்கிறது: கணவன், மனைவி, வயது வராத குழந்தைகள். பெற்ற தாயும் தகப்பனும் அந்த வரையறைக்கு வெளியே, 'இதர உறவினர்' என்ற தாழ்வாரத்தில் நிற்கிறார்கள். குழந்தைக்கு 480 நாள் கொடுக்கும் ஸ்வீடன், அந்தக் குழந்தையின் பாட்டியார் வந்து கூடவே வசிப்பதற்கு மிக மிக அரிதான சந்தர்ப்பங்களில்தான் இடம் கொடுக்கிறது. அங்கே தவறு என்று சொல்ல முடியாது. அவர்கள் நாட்டில் முதியவர்களைப் பராமரிப்பது ஊராட்சியின் கடமை. பிள்ளையின் கடமை அல்ல. தங்கள் வழக்கப்படி சட்டம் செய்திருக்கிறார்கள். ஐயப்பன்தாங்கலை உத்தேசித்து அவர்கள் சட்டம் செய்யவில்லை.

இங்கிலாந்து 2012 ஜூலையில் இந்தக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. பெற்றோர் வரவேண்டுமானால், குளிப்பதற்கும் உண்பதற்கும்கூடப் பிறர் உதவி வேண்டிய நிலையில் இருக்க வேண்டும். அந்த உதவி, பிள்ளை பணம் அனுப்பியும்கூட, சொந்த ஊரில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும். போரூரில் பெரிய ஆஸ்பத்திரியும் ஊரெல்லாம் தாதிகளும் இருக்கும்போது இதை யார் நிரூபிப்பது? ஆஸ்திரேலியாவில் மனுப் போடத் தடையில்லை. சாதாரண வரிசையில் நின்றால் 30 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அந்நாட்டு இலாகாவே அறிவித்திருக்கிறது. எழுபது வயதில் மனுப் போட்டவர் நூறு வயதில் பெட்டி கட்டலாம். விரைவான வரிசைக்கு ஆளுக்குச் சுமார் 48,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். அந்த 'விரைவு' வரிசையும் பல வருஷம் நீளுகிறது.

கனடாவில் நிரந்தரமாக அழைத்துக் கொள்ளும் திட்டத்தில், 2020ல் பெயர் கொடுத்தவர்களுக்கே 2024லும் 2025லும் அழைப்புப் போயிற்று. ஆயினும் அவர்கள் வேறொரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 2011ல் தொடங்கிய 'சூப்பர் விஸா'வின்படி, 2022 ஜூலை முதல் பெற்றோர் ஒரே தடவையில் ஐந்து வருஷம் வரையில் தங்கலாம். பிள்ளைக்குப் போதிய வருமானமும், பெற்றோருக்கு ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத வைத்திய இன்ஷியூரன்ஸும் இருக்க வேண்டும். ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், 2024 மார்ச்சு 1ந்தேதிக்குப் பிறகு முதல் அனுமதி பெற்ற நிபுணர்கள் தாய் தந்தையரையும், மாமனார் மாமியாரையும்கூட, அழைத்துக் கொள்ளலாம் என்று சட்டம் செய்திருக்கிறது. மாமியாரையும் நினைத்துக் கொண்ட சட்டசபை உலகத்தில் அபூர்வம்! எனினும் ஜீவனத்துக்கும் வைத்திய இன்ஷியூரன்ஸுக்கும் முழு ஏற்பாடு காட்ட வேண்டும். முதுமையில் புதிதாக வருகிறவரை இன்ஷியூரன்ஸில் சேர்ப்பது சுலபமுமல்ல, மலிவுமல்ல.

எல்லாவற்றிலும் வேடிக்கை அமெரிக்காதான். விடுமுறை தராத, வைத்தியம் தராத அந்த தேசம், தன் பிரஜையின் தாய் தந்தையரை மட்டும் எண்ணிக்கை வரம்பில்லாமல் நிரந்தரமாக உள்ளே விடுகிறது. பிள்ளை 21 வயது நிரம்பிய பிரஜையாயிருந்தால் போதும். ஆனால் பிரஜையாவது எப்போது? கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். பையன் 25 வயதில் போகிறான்; 28ல் பச்சை அட்டைக்கு விண்ணப்பம். வரிசை இன்றைய வேகத்துக்குக் குறையாமல் நகர்ந்தாலும் அட்டை வரும்போது 40க்கு மேல். அதன்பின் 5 வருஷம் கழித்தே பிரஜா உரிமை. அப்போது அவனுக்கு 45, 46. தகப்பனாருக்கு 75, 76. போய்ச் சேர்ந்தாலும் முதியோருக்கான சர்க்கார் வைத்திய ஏற்பாடாகிய மெடிகேரில் சேர, மேலும் 5 வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும். எண்பது!

இவ்வளவு தாண்டிப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெரியவர் எப்படி வாழுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். வாழ்க்கைத் தரத்தைப் பற்றிய அட்டவணைகளில் இதற்குப் பத்தி கிடையாது. நம் ஊரில் அவர் காலையில் செருப்பை மாட்டிக் கொண்டு புறப்பட்டால் பால், பத்திரிகை, கோயில், மருந்துக் கடை எல்லாம் அரை மணிக்குள் முடிந்துவிடும். வழியில் பத்துப் பேரிடம் வம்பும் நடந்துவிடும். டெக்ஸாஸில் பிள்ளையின் வீடு இதைப்போல் நான்கு மடங்கு பெரிது. ஆனால் மோட்டார் ஓட்டத் தெரியாதவருக்கு அங்கே கால் இல்லை. கடை நான்கு மைலில் இருக்கும். நடைபாதை பல இடங்களில் இராது. பிள்ளையும் மருமகளும் திரும்பும் வரையில் அந்த விசாலமான கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். மூனிக்கிலோ ஸ்டாக்ஹோமிலோ இரண்டு அறைக் குடித்தனந்தான். ஆனால் வாசலில் டிராம் வண்டியோ பஸ்ஸோ நிற்கும். பாஷை தெரியாமற் போனாலும் எண்ணைப் பார்த்து ஏறி, எண்ணைப் பார்த்து இறங்கி, தனியாகப் பூங்காவுக்குப் போய் வந்துவிடலாம். பேச ஆள் வேண்டுமானால் ஸ்கார்பரோ. நடக்க வழி வேண்டுமானால் ஐரோப்பா. பேரனுக்குத் தனி அறை வேண்டுமானால் அமெரிக்கா. மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் சீமையை இதுவரையில் யாரும் நமக்குக் காட்டவில்லை.

தமிழ் நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் 2021ஆம் ஆண்டு மதிப்பின்படி 100க்கு 13 பேருக்கு மேல். கேரளத்திற்கு அடுத்தபடி இந்தியாவில் இதுவே அதிகம். பெற்றோரைப் பராமரிக்க வேண்டியது மக்களின் கடமை என்று 2007ல் நாம் செய்து கொண்ட சட்டம், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜைகளையும் கட்டுப்படுத்தும் என்று முதல் பிரிவிலேயே சொல்லுகிறது. அவர்கள் அந்நாட்டுப் பிரஜைகளானதும் அந்தப் பிரிவு அவர்களைத் தொடாது. ஏனென்றால் இரண்டு தேசத்துப் பிரஜையாக ஒருவர் இருப்பதை நம் அரசியலமைப்பு அனுமதிப்பதில்லை. ஆகவே தாயாரை அழைத்துக் கொள்வதற்காக அமெரிக்கப் பிரஜையாகும் பிள்ளை, அதே கையெழுத்தினால் இந்தியப் பிரஜா உரிமையை விட்டுவிடுகிறான். இதில் யாரைக் குறை சொல்லுவது? பணம் அனுப்புகிறான், தினம் டெலிபோனில் முகம் காட்டுகிறான், வைத்தியரிடம் அவனே நேரம் வாங்கித் தருகிறான். அவனைக் கல் நெஞ்சன் என்று எழுதும் பேனா நம்மிடம் இல்லை.

ஆனால் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன், சம்பளத்தையும் விடுமுறையையும் விசாரிக்கும் பிள்ளைகள் இந்த மூன்றாவது கேள்வியையும் விசாரிக்கலாம். பெற்றோரும், கூச்சப்படாமல், "நாங்கள் அங்கே எத்தனை நாள் இருக்க முடியும்?" என்று கேட்கலாம். கேட்டால் பையன் மனம் நோகுமே என்று பேசாதிருந்து, பத்து வருஷம் கழித்து இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வருந்துவதைவிட அது மேல்.

கேட்கத் துணிந்தவர்களுக்கு ஒரு சில்லறை யோசனை. ஜெர்மனி, ஸ்வீடன், பிரான்ஸ், நார்வே, சுவிட்ஜர்லாந்து முதலான ஷெங்கன் தேசங்களுக்கு விருந்தாளியாகப் போகிறவர், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஒரு தேசத்துக்குத் தொண்ணூறு அல்ல, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தொண்ணூறு. டிசம்பரில் பேரக்குழந்தையுடன் இருக்க ஆசைப்பட்டுப் போனால், ஸ்டாக்ஹோமில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம். மிச்சமெல்லாம் ஜன்னலும் இருட்டும். மே மாத மத்தியில் புறப்படுங்கள். அக்கினி நட்சத்திரத்தின் பிற்பாதி தப்பும். அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குழந்தையைப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். ஆகஸ்டு மத்தியில் தொண்ணூறு நாள் தீரும்போது திரும்பிவிட்டால், ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தண்ணீர் போகும் குழாய்களை அடைப்பெடுத்து வைக்கவும் சாவகாசம் இருக்கும்.